கடல் இடப்பக்கம் வரட்டும்: ஆன்ட்ரிம் கரையோரப் பயணம் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: டப்ளினில் படிக்கும் மகளைப் பார்க்க மே மாதம் குடும்பத்துடன் செல்கிறோம். ஒரு வார இறுதியில் கார் எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலை ஒன்றில் பயணிக்க ஆசை. கெர்ரி, மோஹர், ஆன்ட்ரிம் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இரண்டே நாட்கள் என்றால் தயங்காமல் வடக்கே, வட அயர்லாந்தில் உள்ள ஆன்ட்ரிம் கரைக்குச் செல்லுங்கள். கெர்ரி அழகில் குறைந்ததல்ல. ஆனால் டப்ளினிலிருந்து கில்லார்னி செல்லவே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஆகிவிடும், அங்கிருந்து தொடங்கும் 'ரிங் ஆஃப் கெர்ரி' வட்டப்பாதை மேலும் 179 கிலோமீட்டர் என்பதால், உங்கள் விடுமுறையில் பெரும்பகுதி காருக்குள்ளேயே கழியும். மோஹர் செங்குத்துப் பாறைகள் 214 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்பவை, ஆனால் அரைநாளில் பார்த்து முடிக்கக்கூடிய ஒற்றைக் காட்சி. ஆன்ட்ரிமிலோ சாலையே காட்சி. டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம்தான்.

பெல்ஃபாஸ்டிலிருந்து லார்ன் வழியாகக் கரையை ஒட்டி வடக்கே ஏறிச் செல்லும்படிதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். அங்கும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். எனவே வடமுனையிலிருந்து கிழக்கும் தெற்குமாக இறங்கி வந்தால் கடல் வழிநெடுக உங்கள் இடப்பக்கமே இருக்கும், நினைத்த இடத்தில் எதிர்த்திசை வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் ஓரம் ஒதுங்கி நிறுத்தவும் முடியும். முதல் நாள் பாலிமினா வழியாக உள்நாட்டுச் சாலையில் புஷ்மில்ஸ் சென்று, அறுகோணக் கல்தூண்கள் நிறைந்த ஜயன்ட்ஸ் காஸ்வே கரையைப் பார்த்துவிட்டு, அங்கேயோ பாலிகாசிலிலோ தங்குங்கள். இந்த உள்நாட்டுச் சாலைக்குக் கிழக்கே லாக்கீல் என்ற சிற்றூருக்கு அருகில் லிசனூர் என்றோர் இடம் உண்டு. 1781 முதல் 1785 வரை சென்னையில் ஆளுநராக இருந்து, ஆர்க்காட்டு நவாபோடு வரிவசூல் விஷயத்தில் மல்லுக்கட்டிய மெக்கார்ட்னி பிரபுவின் சொந்த ஊர் அது. பார்ப்பதற்காக வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் உயிர்நாடி. குஷெண்டாலிலிருந்து லார்ன் வரை சாலை மலையடிவாரத்துக்கும் அலைக்கும் இடையே ஒரு நாடாவைப் போல ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பல இடங்களில் தடுப்புச் சுவருக்கு அப்பால் நேராகக் கடல்தான். வில்லியம் பால்ட் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளரின் திட்டப்படி 1832க்கும் 1842க்கும் இடையில் இது போடப்பட்டது. மலைமேல் வளைந்து செல்லாமல், கரையோரப் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, சரிந்து விழுந்த கற்களையே அடித்தளமாக்கிச் சாலை அமைத்தார். அதற்கு முன்பு 'கிளென்ஸ்' எனப்படும் இப்பகுதியின் ஒன்பது பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்களுக்கு, லார்னுக்கு வண்டி கட்டிச் செல்வதைவிட ஸ்காட்லாந்துக்குப் படகில் போய் வருவது எளிதாக இருந்தது என்றால் வியப்பில்லை: டார் முனையில் நின்றால் சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் கின்டைர் கரை தெரியும். ஆனால் டார் முனைக்குச் செல்லும் கிளைச்சாலை மிகக் குறுகலானது. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னோக்கி நகர்ந்தாக வேண்டும். புதிதாக ஓட்டுபவர் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: வடக்கே செல்லத் தனி விசா வேண்டுமா? எல்லையில் யாரும் சோதிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். (வாசகர், மதுரை)

பதில்: சோதிப்பதில்லை என்பது உண்மை, விசா வேண்டாம் என்பது பொய். வட அயர்லாந்து ஐக்கிய ராஜ்யத்தைச் சேர்ந்தது என்பதால் அங்கே நுழைய இந்தியர்களுக்குப் பிரிட்டிஷ் அனுமதி தேவை. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்துப் பெறும் குறுகிய கால அயர்லாந்து விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால் அதைக் கொண்டே இரு பகுதிகளுக்கும் செல்லலாம். ஆனால் டப்ளினில் மாணவராக வசிப்பவரின் குடியிருப்பு அட்டை இதற்குப் போதாது. கோவை வாசகியின் மகள் தனியே பிரிட்டிஷ் விசா எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகைக் காரை எல்லை தாண்டி ஓட்டப்போவதாக நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லைக்கு அப்பால் பணம் பவுண்டு. வேகப் பலகைகளில் உள்ள எண்கள் மைல். 60 என்று கண்டால் அது ஏறத்தாழ 96 கிலோமீட்டர்.

கேள்வி: ஜயன்ட்ஸ் காஸ்வேயின் அறுகோணக் கற்களை மனிதர்கள் செதுக்கினார்களா? நுழைவுக் கட்டணம் உண்டா? (பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: உளியே படாத கற்கள் அவை. ஐந்து, ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அட்லாண்டிக் கடல் விரிந்துகொண்டிருந்த காலத்தில், பூமியின் வெடிப்புகள் வழியே எரிமலைக் குழம்பு வெளியேறி அங்கிருந்த வெண்சுண்ணப் பாறையின் மேல் பரவியது. தேங்கி நின்ற குழம்பு மெல்லக் குளிர்ந்து சுருங்கியபோது, வற்றிய கண்மாயின் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதுபோல மேற்பரப்பில் பிளவுகள் விழுந்தன. சீராகச் சுருங்கும் பரப்பில் மூன்று பிளவுகள் சமகோணத்தில் சந்திக்கும்போதுதான் இழுவிசை சிக்கனமாகத் தணிகிறது. அதனால் அறுகோணம் மிகுதி. குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்கப் பிளவுகளும் இறங்கி, சுமார் 40,000 தூண்கள் உருவாயின. எண்ணிப் பார்த்தால் ஐந்து, ஏழு பக்கங்கள் கொண்டவையும் கிடைக்கும். தூண்களுக்கு மேலே செங்குத்துப் பாறையில் ஒரு சிவப்புப் பட்டை தெரியும். இரண்டு எரிமலைச் சீற்றங்களுக்கு இடைப்பட்ட வெப்பமான, ஈரமான காலத்தில் பாறை மக்கி உண்டான செம்மண் அது. ஃபின் மக்கூல் என்ற அசுரன் ஸ்காட்லாந்து எதிரியோடு சண்டையிடப் போட்ட பாதை என்ற கதைக்கும் காரணம் இல்லாமலில்லை: ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் இதே போன்ற தூண்கள் நிற்கின்றன. 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இக்கற்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. வாகன நிறுத்தத்துக்கும் பார்வையாளர் மையத்துக்கும்தான் கட்டணம். கற்களின் இடுக்கில் நாணயம் செருகும் வழக்கத்தைப் பின்பற்றாதீர்கள். அவை துருப்பிடித்து விரிந்து கல்லை உடைக்கின்றன.

கேள்வி: எழுபது வயதுத் தந்தையை கேரிக்-எ-ரீட் கயிற்றுப் பாலத்துக்கு அழைத்துச் செல்லலாமா? (வாசகர், சேலம்)

பதில்: முழங்கால் நன்றாக இருந்தால் மட்டும். சால்மன் மீனவர்கள் 18ஆம் நூற்றாண்டில் முதன்முதலாகக் கட்டிய இப்பாலம் 20 மீட்டர் நீளமும் கடலுக்கு மேல் 30 மீட்டர் உயரமும் கொண்டது. பாலத்தைவிட அதற்கு இறங்கும் செங்குத்தான படிகள்தான் சிரமம். காற்று பலமானால் மூடிவிடுவார்கள், எனவே நேரம் குறித்து முன்பதிவு செய்திருந்தாலும் காலையில் ஒருமுறை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். முடியாதென்றால் பக்கத்திலேயே பாலின்டாய் துறைமுகம் இருக்கிறது. இறங்கும் பாதை வளைவும் சரிவுமாக இருந்தாலும் கார் நீர்விளிம்புக்கு அருகே வரை செல்லும். தந்தையால் நடக்க முடியாவிட்டாலும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடலைப் பார்க்கலாம்.