கேள்வி பதில்: கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒளிரும் துளிகள்

கேள்வி: ஒளிரும் எண்ணெய்த் துளிகளை வைத்து, ஓடுகிற தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று மலிவாகக் கண்டுபிடிக்கலாம் என்கிறான் மகன். எங்கள் தோட்டக் கிணற்றுக்குச் சரிவருமா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: மகன் சொல்வது உண்மைதான். கொதிக்கிற சொதிக்குள் தேசிக்காய்ப் புளி விட்டால் திரைந்துபோகும், அதனால்தானே இறக்கிவைத்த பிறகு புளி விடுகிறோம்? தேங்காய்ப்பாலும் ஒரு பால்மம், அதாவது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள். அவற்றைச் சுற்றியுள்ள புரதப் படலம் புளியும் சூடும் பட்டுக் குலைவதைத்தான் நாம் திரைதல் என்கிறோம். புளி விழுந்ததைச் சொதியே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஒளிரும் துளிகளும் இப்படித்தான் காட்டிக் கொடுக்கின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திமோதி ஸ்வாகர் என்ற வேதியியலாளரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஐதரோகாபன், புளோரோகாபன் என்ற இரண்டு எண்ணெய்களைச் சூடாக்கிக் கலந்து ஆறவிட்டார்கள். ஆறியதும் இரண்டும் பிரிந்து ஒரே துளிக்குள் ஆளுக்கொரு பாதியாக நின்றன. அந்தப் பாதிகளின் வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பது வெளியே தண்ணீரில் உள்ள, சவர்க்காரம் போன்ற ஒரு பொருள். அதை ஏதாவது தொந்தரவு செய்தால் துளி உருமாறும் அல்லது சாயும், உள்ளே ஒளிரும் சாயம் இருந்தால் வெளிவரும் ஒளியும் மாறும். 2017இல் இதே வழியில் ஈ.கோலை பற்றீரியாவையும் கண்டுபிடித்தார்கள். சின்ன நீல விளக்கும் ஒரு கமராவும் போதும் என்பதால்தான் மலிவு என்கிறார்கள்.

சரி, உங்கள் கிணறு. நம்முடைய சுண்ணக்கல் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவே படும் பாடு உங்களுக்குத் தெரியும். அதே கல்சியம் இந்தத் துளிகளையும் குழப்பக்கூடும், அதனால் சந்தேகமில்லாத ஒரு பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் கூடவே வைத்து ஒப்பிட்டால்தான் எதையும் சொல்லலாம். உரத்தால் வரும் நைத்திரேற்றுக்கு இதை நம்பவேண்டாம், அது எண்ணெயின் ஓரத்தில் போய் ஒட்டுகிற பொருள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதை ஆய்வுகூடத்தில் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததுபோல இங்கும் எண்ணெய்க் கசிவுதான் பயம் என்றால், கழிவு எண்ணெய் பலவும் புறஊதா விளக்கில் தானாகவே ஒளிரும், அதற்குத் துளியே தேவைப்படாமல் போகலாம்.

இன்னொன்றைக் கட்டாயம் மகனிடம் சொல்லுங்கள். புளோரோகாபன் மண்ணில் இலேசில் அழியாது. பம்பிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றைப் பிரித்தெடுத்து அதில் ஓடும் தண்ணீரில் மட்டும் பரிசோதிக்கட்டும், பார்த்து முடிந்த தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைக்கட்டும், வாய்க்காலிலோ கிணற்றிலோ ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது.