ஊழியத்துக்கு நேர்ந்த மகன் வேளாண்மை படிக்கக் கேட்டால்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த மகன் வேளாண்மை படிக்க வேண்டும் என்கிறான், நீங்களும் அம்மாவும் அவன் பிறக்கும் முன்பே அவனை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறீர்கள், அதனால் எந்த இறையியல் கல்லூரியில் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியைப் பிறகு பார்ப்போம். நீங்கள் போதகர், உங்களுக்கு வேதம் தெரியும், அதிலிருந்தே பேசுகிறேன்.

மகன் பிறந்தால் கர்த்தருக்கே கொடுத்துவிடுவேன் என்று அன்னாள் செய்த பொருத்தனையை எழுதியிருந்தீர்கள். அன்னாள் தன் மகன் சாமுவேலை ஆலயத்தில் விட்டது உண்மைதான். ஆனால் அழைப்பு அன்னாளுக்கு வரவில்லை, பையனுக்கு வந்தது. அந்த ஆலயத்தின் ஆசாரியர் ஏலி, தன் மகன்களை அடக்காமல் விட்ட தகப்பன். ஓப்னியும் பினெகாசும் பலி இறைச்சியைப் பறித்துத் தின்றபோது வாயளவில் கண்டித்ததோடு சரி. அப்படிப்பட்டவர் இந்தப் பையன் விஷயத்தில் மட்டும் சரியாக நடந்தார். இரவில் சாமுவேலைக் கூப்பிடுவது தேவன் என்று புரிந்ததும், 'நீ போய்ப் படுத்துக்கொள், மறுபடி கூப்பிட்டால் நீயே பதில் சொல்' என்று அனுப்பிவிட்டார். அவன் சார்பில் தான் போய்க் கேட்கவில்லை.

இப்படி வளர்ந்த சாமுவேல் தகப்பனானபோது செய்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது. வயதானதும் தன் மகன்கள் யோவேலையும் அபியாவையும் பெயெர்செபாவில், மக்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் நியாயாதிபதிகளாக வைத்தார். ஆசாரியத்துவம் பிறப்பால் வருவது, அதில் ஏலிக்கு வேறு வழி இல்லை. நியாயாதிபதி பதவி அப்படி அல்ல. கிதியோன், தெபொராள் போன்ற நியாயாதிபதிகளைத் தேவனே எழுப்பினார். சாமுவேல் தன் நாற்காலியை மகன்களுக்குக் கொடுத்தார். அவர்கள் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். இஸ்ரவேலின் மூப்பர்கள் வந்து ராஜா வேண்டும் என்று கேட்டபோது, 'உமக்கு வயதாகிவிட்டது' என்பதோடு சேர்த்துச் சொன்ன காரணம் 'உம்முடைய குமாரர்கள் உம்முடைய வழிகளில் நடப்பதில்லை' என்பதுதான். ஏலியின் வீடு அழிந்ததைச் சிறுவயதிலிருந்து கூடவே இருந்து பார்த்தவர் அவர். நல்ல ஊழியக்காரருக்கே இது நடந்திருக்கிறது ஐயா, அதனால்தான் பயப்படுகிறேன்.

அதற்காக அவன் இஷ்டம் என்று விட்டுவிடவும் கூடாது. 'ஏன் இப்படிச் செய்கிறாய்' என்று தாவீது ராஜா தன் மகன் அதோனியாவை ஒருநாளும் கடிந்து கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த மகன் தகப்பன் இருக்கும்போதே தன்னை ராஜாவாக்கிக்கொள்ளப் பார்த்து, கடைசியில் கொல்லப்பட்டான் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கேளுங்கள். ஏன் வேளாண்மை? நண்பன் சேர்கிறான் என்பதாலா, மண்ணும் பயிரும் பிடித்ததாலா? பிரசங்கம் செய்யாமல் அவன் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

அப்புறம் படிப்பு விஷயம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மை 4 வருடம். நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கும். கடைசி வருடத்தில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். அந்தப் பகுதியைப் பற்றி அவனிடம் பேசிப் பாருங்கள், ஆர்வம் உண்மையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முடித்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. மூலம் வேளாண் அலுவலர் ஆகலாம், வங்கிகளில் வேளாண் கள அலுவலராகவும் போகலாம்.

ஊழியக் கதவும் இதனால் மூடாது. இறையியல் பட்டங்கள் தரும் செராம்பூர் செனட்டைச் சேர்ந்த கல்லூரிகளில் பட்டதாரிகள் பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்கலாம். அவனுக்கே அழைப்பு வந்தால் 22 வயதில் போகட்டும். சாம் ஹிக்கின்பாட்டம் என்ற மிஷனரி, இங்கே ஊழியத்துக்கு வந்த பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் விவசாயம் படித்தார், அலகாபாத்தில் வேளாண் நிறுவனமும் தொடங்கினார். அவர் செய்ததும் ஊழியம்தானே ஐயா?

கலந்தாய்வு விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகளை முதலில் போடச் சொல்லுங்கள்; தனியார் இணைப்புக் கல்லூரிகளில் கட்டணம் அதிகம். கடைசித் தேதிக்கு முன் ஒருநாள் அவனை என்னிடம் அனுப்புங்கள். தனியாக வரட்டும்.