எரிந்து முடிந்தால் நீராகும் வாயு: வாசகர் கேள்வி பதில்

தனிம வரிசை அட்டவணையின் முதல் கட்டத்தில் நிற்கும் ஹைட்ரஜனைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒன்றையே கேட்ட பல கடிதங்களை ஒரே கேள்வியாகச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஹைட்ரஜன் எரியும் வாயு. ஆக்சிஜன் எரிவதற்குத் துணை செய்யும் வாயு. இவ்விரண்டும் சேர்ந்து உண்டான தண்ணீர் எரியாமல் இருப்பதோடு தீயையும் அணைக்கிறதே, எப்படி?

பதில்: தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்துவிட்ட பொருள் என்பதே காரணம். விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சுவதுபோல ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் மிஞ்சுகிறது. சாம்பலை மறுபடி அடுப்பில் இட்டு எரிக்க முடியாதல்லவா?

பள்ளி ஆய்வகத்திலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். சோதனைக் குழாயில் துத்தநாகத் துண்டுகளை இட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் குமிழ்கள் நுரைத்து எழும். அந்த வாயுவை இன்னொரு குழாயில் பிடித்து, அதன் வாயருகே எரியும் குச்சியைக் கொண்டுபோனால் ‘பொப்’ என்ற ஒலி கேட்கும். வாயு தூய்மையாக இருந்தால் ஓசை அடங்கி அமைதியாக எரியும். காற்று கலந்திருந்தால் கீச்சென்று வெடிக்கும். ஒலி ஓய்ந்த பிறகு குழாயின் உட்சுவரைக் கவனியுங்கள். சற்று முன்புவரை உலர்ந்திருந்த கண்ணாடியில் மெல்லிய பனிப்படலம் படிந்திருக்கும். அதுதான் ஹைட்ரஜனின் சாம்பல்.

1766-இல் ஹென்றி கேவண்டிஷ் இந்த வாயுவைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்து ‘எரியும் காற்று’ என்று அழைத்தார். அது எரியும்போது தண்ணீர் உண்டாவதைக் கண்ட பின்னர், பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே ‘நீரை ஈனுவது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஹைட்ரஜன் என்று பெயரிட்டார். தமிழில் சிலர் எழுதும் ‘நீரகம்’ என்ற சொல்லும் அந்தப் பொருளையே தாங்கியிருக்கிறது.

தண்ணீரை ஊற்றினால் ஓடும் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டதாக அவ்வப்போது வரும் செய்திகளைப் பற்றியும் இருவர் கேட்டிருந்தனர். 1 கிலோ ஹைட்ரஜன் 8 கிலோ ஆக்சிஜனோடு கூடி 9 கிலோ தண்ணீராகும்போது எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டதோ, அந்தத் தண்ணீரைத் திரும்பப் பிரிக்கக் குறைந்தது அவ்வளவு ஆற்றலைச் செலுத்தியாக வேண்டும். ஆகவே அத்தகைய வண்டியில் எங்கோ ஒரு மின்கலம் ஒளிந்திருக்கிறது, அல்லது சொல்பவர் பொய் சொல்கிறார்.

கேள்வி: அட்டவணையில் சோடியம், பொட்டாசியம் போன்ற உலோகங்களின் தலைக்கு மேலே ஒரு வாயுவை ஏன் வைத்திருக்கிறார்கள்?

பதில்: வெளிவட்டத்தில் ஒரே எலக்ட்ரான் என்ற ஒற்றுமையால்தான். அந்த எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாவதில் ஹைட்ரஜன் சோடியத்தை ஒத்திருக்கிறது. அமிலங்களின் புளிப்புக்கு அந்த அயனியே காரணம். ஆனால் சோடியம், கால்சியம் போன்றவற்றோடு சேரும்போது அது இன்னொரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு, குளோரினைப் போல எதிர்மின் அயனியாகவும் மாறும். அந்தச் சேர்மங்களுக்கு ஹைட்ரைடு என்று பெயர். இரண்டு குடும்பத்திலும் கால் வைத்திருக்கும் தனிமம் இது என்பதால் சில அட்டவணைகளில் தனியே விட்டுவிடுகிறார்கள். அதுவே நேர்மையான ஏற்பாடு என்பது என் எண்ணம்.

கேள்வி: அண்டத்தில் மிக அதிகமாக உள்ள தனிமம் ஹைட்ரஜன் என்கிறார்கள். அப்படியானால் நம் காற்றில் அது ஏன் இல்லை?

பதில்: அண்டத்தில் உள்ள சாதாரணப் பருப்பொருளின் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன்தான். சூரியன் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. நம் காற்றிலோ இருபது லட்சம் மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் அது இருக்கிறது.

ஒரே வெப்பநிலையில் இலேசான மூலக்கூறு வேகமாகவும் கனமானது மெதுவாகவும் ஓடும். ஆக்சிஜனைவிட 16 மடங்கு இலேசான ஹைட்ரஜன் மூலக்கூறு, அறை வெப்பநிலையில் அதைப்போல 4 மடங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. புவியின் ஈர்ப்பை மீறிச் செல்ல நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். இது சராசரி வேகத்துக்கு எட்டாத உயரம்தான் என்றாலும், எல்லா மூலக்கூறுகளும் சராசரி வேகத்தில் ஓடுவதில்லை. வெப்பம் மிகுந்த மேல் வளிமண்டலத்தில் எந்த நேரத்திலும் சில துகள்கள் அந்த வேகத்தை எட்டி, திரும்பாமல் போய்விடுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்தக் கசிவு நடந்துவருகிறது. வியாழனின் ஈர்ப்பு மிக வலுவானது என்பதால் அதன் ஹைட்ரஜன் தப்பவில்லை. நம்மிடம் தங்கியதெல்லாம் நீரிலும், உயிர்களின் உடலிலும், பெட்ரோலியத்திலும் பிற அணுக்களோடு பிணைந்து கிடப்பதுதான்.

கேள்வி: பலூன்களில் ஹைட்ரஜனை ஏன் கைவிட்டார்கள்? ஹீலியம் அதைவிட இலேசானதா?

பதில்: இல்லை, ஹைட்ரஜனே இலேசானது. 1 கன மீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.2 கிலோ எடையைத் தூக்கும். அதே அளவு ஹீலியம் 1.1 கிலோதான் தூக்கும். ஜாக் சார்லஸ் 1783-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 அன்று பாரிஸில் பறக்கவிட்ட ஆளில்லா பலூனில் இரும்பையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து உண்டாக்கிய ஹைட்ரஜனே நிரப்பப்பட்டிருந்தது. அது கொனெஸ் என்ற கிராமத்தில் இறங்கியபோது, ஏதோ பூதம் வந்துவிட்டதென்று அஞ்சிய மக்கள் அதைத் தாக்கிக் கிழித்துவிட்டார்கள்.

பிற்காலத்து அச்சத்துக்கு உண்மையான காரணம் இருந்தது. 1937 மே 6 அன்று நியூ ஜெர்சியின் லேக்ஹர்ஸ்ட்டில் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்ததில் 36 பேர் இறந்தனர். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் தீப்பற்றும். கையில் உறைக்காத சிறு மின்பொறியே அதற்குப் போதும். அதன் தூய சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கசிந்த பெட்ரோல் தரையில் தேங்கி நிற்கும். ஹைட்ரஜனோ திறந்த வெளியில் விரைந்து மேலேறிக் கலைந்துவிடும். கூரையடியில் அது சேர்ந்துகொள்ளக்கூடிய மூடிய அறைதான் ஆபத்தான இடம்.

கேள்வி: எரித்தால் புகையில்லை, தண்ணீர் மட்டுமே வரும் என்றால் எல்லா வண்டிகளையும் ஹைட்ரஜனில் ஓட்டலாமே?

பதில்: அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. 1 கிலோ ஹைட்ரஜன் தரும் ஆற்றல் சுமார் 120 மெகாஜூல். பெட்ரோலில் 44-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். எடைக் கணக்கில் இதற்கு இணை கிடையாது. ராக்கெட்டுகளுக்கு அது பிடித்துப்போனதும் இதனால்தான். ஆனால் வண்டிக்கு எடையோடு இடமும் வேண்டும். சாதாரண அழுத்தத்தில் அந்த 1 கிலோ ஹைட்ரஜன் 11 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு அறையே நிரம்பிவிடும். எனவே வளிமண்டல அழுத்தத்தைப் போல 700 மடங்கு அழுத்தி வலுவான கலனில் அடைக்கிறார்கள். இல்லாவிட்டால் சுழியத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். அப்போதும் ஒரு லிட்டரின் எடை 71 கிராம்தான். போதாக்குறைக்கு, மிகச் சிறிய அணு என்பதால் அது எஃகுக்குள்ளும் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும்.

அடுத்தது, அது எங்கிருந்து வருகிறது என்பது. நிலக்கரியைப் போல ஹைட்ரஜனை வெட்டியெடுத்துத் தேவையை நிரப்ப வழியில்லை. அதை உண்டாக்கியாக வேண்டும். இன்று பெரும்பாலும் மெத்தேனோடு நீராவியை உயர் வெப்பநிலையில் வினைபுரிய வைத்தே எடுக்கிறார்கள். அப்போது 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. வண்டியின் பின்னால் வராத புகை தொழிற்சாலையில் வந்துவிடுகிறது.

சூரிய ஒளி அல்லது காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பகுத்தால் இந்தக் குறை இல்லை. ஆனால் 1 கிலோவுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் செலவாகும். அதை எரிபொருள் கலத்தில் செலுத்தி மறுபடி மின்சாரமாக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்களவே திரும்பக் கிடைக்கும். அதே மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஏற்றினால் பெரும்பகுதி சக்கரத்துக்கே போய்ச் சேரும். எனவே சிறிய வண்டிகளுக்கு ஹைட்ரஜன் வீண் சுற்றுவழி என்றே நான் கருதுகிறேன். இரும்புத் தாதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கக் கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைப் பயன்படுத்துவது வேறு விதம். அங்கே பேட்டரி உதவாது. கரிப்புகைக்குப் பதில் நீராவியே வெளியேறும்.

கேள்வி: இன்றைக்கு ஹைட்ரஜன் எதற்குத்தான் பயன்படுகிறது?

பதில்: முதன்மையாக உரத்துக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜனை வினையூக்கியின் (வினையை விரைவுபடுத்தும் பொருளின்) மேல் உயர் அழுத்தத்தில் இணைத்து அம்மோனியா ஆக்கும் முறையை ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டறிந்தார். கார்ல் போஷ் அதை 1913-இல் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். பெட்ரோலியத்திலுள்ள கந்தகத்தை நீக்குவதற்கும், நிக்கல் வினையூக்கியின் துணையோடு தாவர எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக மாற்றுவதற்கும் ஹைட்ரஜனே வேண்டும்.

கேள்வி: கன நீர் என்பது வேறு வகைத் தண்ணீரா?

பதில்: தண்ணீர்தான், அதிலுள்ள ஹைட்ரஜன்தான் வேறு. சாதாரண ஹைட்ரஜன் கருவில் ஒரு புரோட்டான் மட்டும் இருக்கும். கூடவே ஒரு நியூட்ரானும் இருந்தால் அது டியூட்டிரியம். ஹெரால்டு யூரி 1931-இல் கண்டுபிடித்தார். இயற்கை நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. இந்த அணுக்களால் ஆன நீரைத் தனியே பிரித்து, நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பதற்காகச் சிலவகை அணு உலைகளில் பயன்படுத்துகிறார்கள். சாதாரண நீரைவிடச் சுமார் 11 சதவீதம் அடர்த்தி கூடிய இந்த நீர் 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். பார்வைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டையும் தனித்தனியே பனிக்கட்டியாக்கி ஒரு குவளைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால், ஒரு கட்டி மிதக்கும். கன நீர்க் கட்டி அடியில் போய் அமர்ந்துகொள்ளும்.