பதினேழாம் நாள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 31 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. பள்ளியிலிருந்தே கூட வந்த நண்பர்கள் ஐந்து பேர். எப்போதும் நான்தான் முதலில் போன் செய்கிறேன். நாலு மாதம் முன்பு நிறுத்திப் பார்த்தேன். ஒருவனும் கூப்பிடவில்லை. அதில் ஒருவனுடைய அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. கஷ்டம்தான், அதற்காக ஒரு நிமிடம்கூடவா இருக்காது? திரும்பக் கிடைக்காத நட்பை ஏன் சுமக்க வேண்டும்? கடன் கொடுத்தால் நட்பு கெட்டுவிடுமா? வாட்ஸப் குழுக்கள் வந்தபிறகுதான் நட்பு இப்படி ஆனதா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தேன். அங்கே உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டிருந்ததையே நீங்களும் தொட்டிருக்கிறீர்கள்.

வாட்ஸப்பை விடுங்கள், அது ஒரு காரணமே இல்லை. கடன் கேட்டால், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையைக் கொடுங்கள்.

ஆனால் அந்தச் சோதனை! நண்பனுக்குச் சொல்லாமலே பரீட்சை வைத்து, சொல்லாமலே மார்க் போட்டு, ஐந்து பேரையும் ஃபெயிலாக்கிவிட்டீர்கள். வள்ளுவர் ‘பழைமை’ என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். பழகியவன் நோகும்படி எதையாவது செய்தால், ஒன்று அறியாமல் செய்தான், இல்லை நெருக்கம் தந்த உரிமையில் செய்தான் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அந்தக் குறளில் மூன்றாவது வழி கிடையாது. நீங்கள் நேராக மூன்றாவதற்குப் போயிருக்கிறீர்கள்.

1994இல் என் அப்பா இறந்தார். சாவுக்கு ஊரே வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கும் பந்தி நிறைய ஆள். மறுநாள் காலை பந்தல்காரர் கீற்றைப் பிரித்தார், வாடகை நாற்காலிகள் வண்டியேறின. மதியம் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அன்றைக்கு வந்தான் என் நண்பன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் உரக்கடையில் வேலை பார்த்தான். பெரிய பேச்சுக்காரன் இல்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதாகக்கூட எனக்கு நினைவில்லை. “பேப்பரெல்லாம் எங்கடா?” என்றுதான் கேட்டான்.

இறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் ஒன்றாகவும் ரேஷன் கார்டில் வேறாகவும் இருந்ததை அவன்தான் கண்டுபிடித்தான். வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் அம்மாவுக்கு ஒரு பைசா வராது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் எழுத வேண்டும், அப்புறம் வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார் கையெழுத்து. ஒவ்வொரு மேஜையிலும் நாளைக்கு வா. அவன் கடைக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. ஒன்பது செவ்வாய்க்கிழமை வந்தான். வராந்தாவில் என் பக்கத்தில் நின்றான், சில நாள் எனக்குப் பதிலாக நின்றான். மாலை பஸ்ஸுக்கு முன்னால் அம்மாவிடம் போய், இன்றைக்கு எதுவரை ஆனது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான். அம்மா அந்த நாட்களில் வேறு யாரிடமும் வாய் திறந்து பேசியதில்லை.

சாவுக்கு எல்லோரும் வருகிறார்கள், தம்பி. வராவிட்டால் ஊர் கேட்கும். பதினேழாம் நாள் வராவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அன்றைக்கு வருகிறவனைத்தான் நான் நண்பன் என்பேன். நோய்க்கும் அப்படித்தான், வேலை போனாலும் அப்படித்தான். முதல் வாரம் போன் ஓயாது. மூன்றாவது மாதம் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இல்லை, பார்க்காதீர்கள், நீங்கள் போய் இருங்கள்.

1999க்குப் பிறகு நாலு வருடம் நான் அவனுக்கு ஒரு கடிதம் போடவில்லை. என் வேலை, என் குழந்தைகள் என்று இருந்துவிட்டேன். உங்களைப் போல அவனும் எண்ணிக்கொண்டிருந்திருந்தால் நான் என்றைக்கோ அவனை இழந்திருப்பேன்.

திரும்பக் கிடைக்காதது என்கிறீர்கள். தியாகராச செட்டியார் 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அந்த இடம் உ.வே.சாமிநாதையருக்குத்தான் என்று நின்றார். இருவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர்கள், செட்டியார் மூத்தவர். சிபாரிசுக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. சாமிநாதையர் அப்போது இருந்த திருவாவடுதுறை சைவ மடத்துக்கே போய், அவரை அனுப்பித்தர வேண்டும் என்று ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் மன்றாடினார். 1888இல் செட்டியார் காலமாகிவிட்டார். அதற்கு எத்தனையோ வருடம் கழித்து, திருவல்லிக்கேணியில் தான் குடியிருந்த வீட்டுக்குச் சாமிநாதையர் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். யாருக்கு எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று இதில் எப்படிக் கணக்குப் பார்ப்பீர்கள்?

கடைசியாக, உங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிற நண்பனை, போன் செய்யாதவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்களே. ஒரு தடவை உட்காரவைத்தால் சுமார் நாலு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை. கூட வந்தவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நீங்கள் எண்ணிக்கொண்டிருந்த அந்த நாலு மாதமும் அவன் அங்கேதான் இருந்திருக்கிறான்.

எந்தெந்தக் கிழமை என்று இன்றைக்கே கேளுங்கள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க வேண்டாம். பழமோ இளநீரோ வாங்கிப் போகாதீர்கள், பொட்டாசியம் கூடும் என்று அவருக்கு அதையெல்லாம் கட்டுப்படுத்தியிருப்பார்கள். பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் போய்ப் படுத்துவிட்டு வாடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்.