ஜிப்சம் பலகைச் சுவர் எவ்வளவு பக்கவாட்டு விசை தாங்கும்? கேள்வி பதில்

சுவர் தாங்கும் அளவுகள் எல்லாம் அமெரிக்காவின் எஸ்டிபிடபிள்யூஎஸ் (காற்று, நிலநடுக்கத்துக்கான மரக்கட்டுமான வடிவமைப்பு விதிகள்) 2015 பதிப்பிலிருந்து. அட்டவணையில் இருப்பதை 2ஆல் வகுத்து, அனுமதிக்கப்பட்ட அளவாகத் தருகிறேன்.

கேள்வி: மரச்சட்டச் சுவரில் அரை அங்குலப் பலகை எவ்வளவு தாங்கும்?

பதில்: அதைப் பலகை அல்ல, ஆணிதான் முடிவு செய்கிறது. 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட் (செங்குத்துச் சட்டம்), 7 அங்குலத்துக்கு ஒரு 5டி கூலர் ஆணி (ஜிப்சம் பலகைக்கான மெல்லிய ஆணி), பிளாக்கிங் (பலகை விளிம்புக்குப் பின்னால் வைக்கும் குறுக்கு மரம்) இல்லை என்றால் சுவர் நீளத்தில் அடிக்கு 100 பவுண்டு. ஆணியை 4 அங்குலத்துக்கு நெருக்கினால் 125. எல்லா விளிம்புக்கும் பின்னால் மரம் வைத்துவிட்டால் 150. அப்போது 8 அடி நீளச் சுவர் 1,200 பவுண்டு தாங்கும். உயரமும் 8 அடி என்றால் சுவரின் முனையைத் தூக்கும் விசையும் அதே 1,200தான் (மேலிருந்து வரும் எடையைக் கழிக்காமல்). அங்கே ஹோல்ட்-டவுன் (சுவர் முனையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பிடி) போடாமல் மேலே நான் சொன்ன எண்ணைக் காட்டாதீர்கள்.

ஆணித் தலையைப் பிடித்திருப்பது பலகையின் மேலுள்ள காகிதம். சுவர் முன்னும் பின்னும் ஆடும்போது ஆணி சாய்ந்து ஜிப்சத்தைப் பொடியாக்கும். துளை நீண்டு பள்ளமாகும், அடுத்த ஆட்டத்தில் ஆணி அதற்குள் சும்மா நகரும். காகிதம் முன்பே கிழிந்திருந்தால் அந்த ஆணி கணக்கிலேயே இல்லை.

கேள்வி: ஸ்க்ரூ போடலாமா?

பதில்: அதற்கு அட்டவணையில் தனி வரி உண்டு. ஆணியின் எண்ணை அதற்குப் போடாதீர்கள்.

கேள்வி: 8 அடி உயரத்தில் 3 அடித் துண்டுச் சுவரைக் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. பிளாக்கிங் இருந்தால் 4 அடி, இல்லையென்றால் 5 அடி 4 அங்குலமாவது வேண்டும்.

கேள்வி: வெளியே ப்ளைவுட் 260, உள்ளே ஜிப்சம் 100. கூட்டினால் 360 தானே?

பதில்: காற்றுக்குக் கூட்டலாம். நிலநடுக்கத்துக்கு, சிறியதன் இரட்டிப்பு (200) அல்லது பெரியது (260), எது அதிகமோ அது. அதாவது 260.

கேள்வி: ஆனால் இரண்டும் சேர்ந்தால் சுவர் விறைப்பாகிறதே?

பதில்: ஆகும், ஆரம்பத்தில். ஜிப்சம் சிறு அசைவிலேயே உச்சம் தொட்டுவிடும்; ப்ளைவுட் முழுவதும் வேலைக்கு வரும்போது ஜிப்சத்தின் ஆணிகள் தளர்ந்து போயிருக்கும். ஒருவர் களைத்த பிறகு மற்றவர் இழுத்தால் இருவர் பலமாகுமா?

கேள்வி: அப்படியானால் ஜிப்சம் மட்டும் வைத்து வடிவமைத்தால்?

பதில்: ஆர் மதிப்பு (நிலநடுக்க விசையை எத்தனையால் வகுக்கலாம் என்ற எண்) ஜிப்சத்துக்கு 2, ப்ளைவுட்டுக்கு 6.5. வடிவமைப்பு விசை மூன்று மடங்குக்கு மேல் எகிறும். கட்டடத்தின் நிலநடுக்க வகை இ, எஃப் (ஆபத்து மிக அதிகம்) என்றால் அனுமதியே இல்லை. 1994 நார்த்ரிட்ஜ் (கலிபோர்னியா) நிலநடுக்கத்தில் பல மரச்சட்டக் குடியிருப்புகள் மோசமாக அடிபட்டதை மறந்துவிட்டு இந்த வாதத்தைத் தொடரவேண்டாம்.

கேள்வி: நெருப்பு எத்தனை மணி தாங்கும்?

பதில்: அது வேறு துறை, தீத்தடுப்பு பொறியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: சில ஆணிகள் உள்ளே போய்விட்டன, புட்டி பூசி மறைத்துவிட்டோம். போதுமா?

பதில்: போதாது. காகிதம் என்று மேலேயே சொன்னேன். பக்கத்தில், விளிம்பிலிருந்து குறைந்தது 3/8 அங்குலம் தள்ளி, வேறு ஆணி அடியுங்கள். தலை சற்றே பதியவேண்டும், கிழிக்கக்கூடாது.