கிறீம் பூசினால் தோலுக்கு ஈரம் வருமா?

கேள்வி: சோழகம் தொடங்கினால் என் கைகால் தோல் வெள்ளை பூத்து வெடிக்கிறது. எதைப் பூசினாலும் எரிவு. கனடாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்த வாசக் கிறீமும் கடியும் சிவப்பும்தான் தந்தது. இப்போது நகரில் ஒரு கடையில் "ஆழமாக ஈரப்பதமூட்டும்" என்று ஒரு சின்னப் போத்தலுக்குப் பெரிய விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: பொறுங்கள், முதலில் போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்தக் கிறீமும் தோலுக்குள் தண்ணீரை ஊற்றாது. இருக்கிற ஈரம் போகாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். தோலின் மேலடுக்கில் கலங்களுக்கிடையே கொழுப்பு உண்டு. அது குறைந்தால் உள் ஈரம் ஆவியாகும், சவர்க்காரமும் வாசனைப் பொருளும் உள்ளே புகுந்து எரிக்கும். உங்கள் வறட்சிக்கும் எரிவுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்.

பின்பக்க உட்பொருள் பட்டியலில் கிளிசரின் இருந்தால் அது ஈரத்தை இழுத்து வைக்கும். செரமைட் அந்த இடைக் கொழுப்பில் ஒரு வகை, குறைந்ததை ஈடுசெய்யத் துணை. ஈரம் ஆவியாகாமல் மேலே மூடுவதில் சாதாரண வசிலினை வெல்ல விலை கூடிய கிறீம்களுக்கே கஷ்டம். பிசுபிசுக்கும், புழுதி ஒட்டும் என்பது உண்மை. ஆகவே இரவில் பூசுங்கள். சில கிறீம்களில் சேர்க்கும் யூரியா நல்ல பொருள்தான், ஆனால் வெடித்த தோலில் எரியும், இப்போதைக்கு வேண்டாம்.

வாசனை விஷயத்தில் கவனம். 'பிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதையே எடுங்கள். 'அன்சென்டட்' என்றால் வாசம் தெரியாமலிருக்க வேறு வாசனைப் பொருள் கலந்திருக்கவும் கூடும். உட்பொருள் பட்டியலில் 'பர்ஃபியூம்' என்று கண்டால் வைத்துவிட்டு வாருங்கள், மச்சாள் கோபித்தாலும் சரி.

எப்போது பூசுகிறீர்கள் என்பதும் முக்கியம். எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது, நாம் இன்னும் கூடப் போட்டுத் தேய்ப்போம், தோல் இன்னும் காயும். சவர்க்காரத்தைக் கக்கம், கால் போன்ற இடங்களோடு நிறுத்துங்கள். குளித்ததும் துவாயால் ஒற்றிவிட்டு, ஈரம் காயுமுன், மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். காய்ந்த பிறகு பூசினால் பிடித்துவைக்க ஈரம் அவ்வளவு மிஞ்சாது.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் தினம் இருதடவை, 7 முதல் 10 நாள் பூசிப் பாருங்கள். ஆகவே முதலில் சின்ன அளவு போதும்.

இறக்குமதியாளர் பெயர், உச்ச சில்லறை விலை, காலாவதித் திகதி இல்லாத போத்தலை மலிவென்றாலும் தொடாதீர்கள். வெண்மையாக்கும் கிறீம் சிலவற்றில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் தோலுக்கு அது அறவே ஆகாது. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். குறித்த விலைக்கு மேல் கேட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

வெடிப்பிலிருந்து நீர் கசிந்தாலோ, கடியால் நித்திரை போனாலோ கடைக்குப் போகாமல் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போங்கள்.