அகதிகளின் வரவு செலவு: கேள்வி பதில்

கொழும்பில் அகதி வாழ்வு பற்றி ஆய்வு தொடங்கியிருக்கும் சிலர் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

மிஸ், அகதிகள் நிவாரணத்தில்தானே வாழ்கிறார்கள்? ஆராய அங்கே என்ன பொருளாதாரம் இருக்கிறது? (மாணவி, வெள்ளவத்தை)

நிறையவே இருக்கிறது, தங்கச்சி. பங்கீட்டில் கிடைத்த சோளத்தில் கொஞ்சத்தை விற்று சவர்க்காரம் வாங்கும்போதே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் உகண்டாவில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். தலைநகர் கம்பாலாவில் 21 வீதமான அகதிகள் இன்னொருவருக்காவது வேலை கொடுக்கும் தொழில் நடத்தினார்கள். அப்படி வேலை பெற்றவர்களில் 40 வீதம் உகண்டா நாட்டவர். அங்கே அகதி வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

அந்த உகண்டா ஆய்வின் கேள்விக்கொத்தை நீர்கொழும்பில் இருக்கும் வெளிநாட்டு அகதிகளிடம் கொடுக்கலாமா? (ஆய்வு உதவியாளர், தெஹிவளை)

வேண்டாம். இலங்கை 1951 அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. இங்கே தங்கியிருப்பவர்களுக்கு வேலை செய்யும் உரிமை இல்லை. "எங்கே வேலை, எவ்வளவு சம்பளம்?" என்று நேரே கேட்டால், உங்கள் கொப்பியில் விழும் பதிலே அவர்களை மாட்டிவிடலாம். செலவில் இருந்து தொடங்குங்கள். வாடகை எவ்வளவு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காசு யார் தருவது, எந்தக் கடையில் கடன் கிடைக்கும். செலவு தெரிந்தால் வரவு ஓரளவு பிடிபடும். பெயர், விலாசம், வேலை கொடுப்பவர் விவரம் எதையும் எழுத வேண்டாம். அப்புறம், வீட்டில் ஆண்தான் முந்திக்கொண்டு பேசுவார்; அரிசி வாங்கும் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்களிடம் வேலை பற்றிக் கேட்கலாமா? (கொட்டாஞ்சேனை)

கட்டாயம் கேளுங்கள். பெயின்ட் வேலைக்கு வெளியூர் போனவர்கள் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அந்த நாள் எத்தனை நல்ல வேலைகளைக் கெடுத்தது என்று அவர்களே சொல்வார்கள்.

நிவாரணத்துக்குள் தனியார் கம்பனிகள் வருவது நல்லதா, மிஸ்? (மாணவர், பம்பலப்பிட்டி)

ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம். கென்யாவின் காக்குமா முகாமில் உலக உணவுத் திட்டமும் சஃபாரிகொம் தொலைபேசிக் கம்பனியும் 2015இல் தொடங்கிய 'பம்பா சக்குலா' ஏற்பாட்டில், பங்கீட்டின் ஒரு பகுதி கைத்தொலைபேசிக்குத் தொகையாக வந்தது. அதை முகாமுக்குள் அகதிகளே நடத்தும் சில கடைகளிலும் செலவழிக்க முடிந்தது. காசு அங்கேயே சுழன்றதால் அதை நல்லதென்பேன். ஜோர்தானில் சிரிய அகதிகள் தங்கும் சாத்தரி முகாமில், சுப்பர்மார்க்கெட்டில் கண்ணை ஸ்கேன் செய்து பணம் கட்டும் முறை 2016இல் வந்தது. வசதிதான். ஆனால் அந்தக் கண் பதிவு யாரிடம் எத்தனை வருடம் இருக்கும்? மாட்டேன் என்று சொன்னவருக்குச் சாப்பாடு கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் வராமல் ஆய்வை முடிக்காதீர்கள்.

கம்பனியில் யாரைச் சந்திப்பது? (அவரே)

சமூக சேவைப் பிரிவில் அழகான புத்தகம் ஒன்று தருவார்கள். வாங்கிக்கொண்டு விற்பனைப் பிரிவுக்குப் போங்கள். நன்கொடை நின்றாலும் முகாமில் கடை திறந்திருக்குமா என்று அங்கே கேளுங்கள்.